இன்ஜின் பெட்டிமேல் ஒரு கேன் தேன்

எங்கள் கரியாலூர் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் தொடங்கிய புதிது. அறிவியலில் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள்: 'வென் டெம்பரேச்சர் இன்க்ரீஸஸ், விஸ்காசிட்டி டிக்ரீஸஸ்.' அடேயப்பா, சொல்வதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்! கள்ளக்குறிச்சிக்கு மலையிறங்கும் பஸ்ஸில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மலையில் எடுத்த தேனை ஒரு கேன் நிறையக் கொண்டுவந்திருந்தார். நாட்டு மருந்துக் கடைக்காரருக்குப் பிடித்துவிட்டால் வருஷா வருஷம் அவரே வாங்கிக்கொள்வார். மாமா கேரளாவுக்குக் கூலிவேலைக்குப் போக வேண்டியதில்லை. கேன் சாய்ந்துவிடக் கூடாதென்று டிரைவரிடம் கெஞ்சி, அவர் பக்கத்து இன்ஜின் பெட்டிமேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். வெளியே சித்திரை வெயில் வேறு.

கடைக்காரர் ஒரு கரண்டி அள்ளிச் சாய்த்தார். தேன் நிற்காமல் ஓடியது.

"இன்னாப்பா, தண்ணி ஜாஸ்தியா கீதே?"

"கலக்கலைங்க மொதலாளி. எங்கம்மா மேல சத்தியம். மலையில கெட்டியாத்தாங்க இருந்துச்சு."

அவர் வேண்டாமென்று தலையாட்டினார். ஆனாலும் நல்ல மனிதர். மாமாவின் முகம் செத்துப்போனதைப் பார்த்து, பேச்சை மாற்ற என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா இன்னா படிக்குது?"

"இங்கிலீஷ் மீடியம்ங்க," என்றார் மாமா, அந்த நிலையிலும் பெருமையாக.

"அப்ப இங்கிலீஷ்ல எதுனா சொல்லு, கேப்போம்."

கையைக் கட்டிக்கொண்டு அந்த வாக்கியத்தை ஒரு தடங்கல் இல்லாமல் ஒப்பித்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். கடலைமிட்டாய் கூடக் கிடைத்தது.

"அதுக்கு இன்னா அர்த்தம் பாப்பா?" என்று மாமா கேட்டார்.

"அர்த்தமெல்லாம் பரீட்சையில கேக்க மாட்டாங்க மாமா."

திரும்பும்போது கேனை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் மலை ஏற ஏறக் குளிரத் தொடங்கியது. ஊரில் இறங்கியதும் மூடியைத் திறந்து மெல்லச் சாய்த்தார். தேன் கேனின் வாய்வரை வந்து, விழ மனமில்லாமல் நின்றது.

"இப்ப பாரு, கெட்டியா கீது," என்றார். யாரிடம் சொன்னாரோ! கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேன் விற்கவில்லை என்பதற்காகவா ஒரு பெரிய ஆள் அழுவார் என்று நான் மிட்டாயைக் கடித்துக்கொண்டே நினைத்தேன்.

மாமா கேரளாவுக்குப் போய்விட்டார். பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது; முழு மார்க். சூடு ஏறினால் கெட்டியாக இருப்பதும் இளகி ஓடும் என்பதுதான் அந்த வாக்கியம். அது புரிய எனக்கு இன்னும் சில வகுப்புகள் ஆயின. அன்று அந்தக் கடையில் மாமாவுக்காகச் சாட்சி சொன்ன ஒரே ஆள் நான்தான். சொன்னேன் என்பது எனக்கே தெரியாது.