கண்ணுக்கு டியூஷன்

பழைய பீரோவை நல்ல விலைக்குத் தள்ளிவிடுவது சுலபம். ஒரு பல் பிரஷைச் சும்மா கொடுப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வியாபாரம். சனிக்கிழமைத் தூக்கத்தைத் தொண்டுக்கு எழுதி வைத்துவிட்டு முழிக்கிற என் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

எனக்கு இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதில், படிப்பு நின்றது. மீதியை லோரிக்குப் பின்னால் சாமான் ஏற்றி, நாலு பேரிடம் ஏமாந்து, அடி வாங்கித்தான் படித்தேன். இப்போது பாயா ரும்புட்டில் பழைய சாமான் கடை. மலாக்கா டவுனிலிருந்து எங்கள் சின்னக் குழு ஒன்று சனிக்கிழமைகளில் ஜாசின் பக்கமுள்ள ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போகும். பிள்ளைகளுக்கு டியூஷன், பல் சோதனை, கண் சோதனை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிற சுமதிதான் எங்களுக்கு எல்லாம். நான் வேன் ஓட்டுவேன், மேசை தூக்குவேன், கத்துவேன். கடைசி வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டது.

சும்மா என்றால் சும்மாதான்

முதல் நாள் கோயில் மண்டபத்தில் பிரஷையும் நோட்டுப் புத்தகத்தையும் அடுக்கி வைத்தோம். அம்மாக்கள் வந்தார்கள், தூர நின்று பார்த்தார்கள், போனார்கள். என் கடையில் உடைந்த நாற்காலிக்கே இதைவிடக் கூட்டம் வரும்.

தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற சரசு என்ற பெண் மட்டும் கிட்டே வந்தாள். பிரஷை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "சும்மாதான்மா, எடுத்துக்குங்கலா, யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல" என்று கத்தினேன். அவள் கொஞ்சமும் அசராமல் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"எலெக்‌ஷன் எந்த மாசம்ணே?"

எல்லாரும் பாஸ்

அன்றைக்குக் கண் சோதனை நடக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போனது. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து என்று ஓர் அட்டை இருக்குமே, அதைச் சுவரிலேயே விட்டுவிட்டு, "அடுத்த சனிக்கிழமை கண் டெஸ்ட், எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி வாங்க" என்று அறிவித்துவிட்டு வந்தோம்.

அடுத்த வாரம் போய் இறங்கினால் எனக்கே ஆச்சரியம். பிள்ளைகள் பள்ளிச் சீருடையில், தலைக்கு எண்ணெய் தடவி, நெற்றி நிறைய திருநீறோடு வரிசையில் நிற்கிறார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்திருக்கிறார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவரும் மேலிருந்து கீழே தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்ன கண்ணுடா என்று நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

சரசுவின் மகள் கவினயா, பள்ளியில் நான்காம் ஆண்டு படிப்பவள், பாதி படித்துக்கொண்டிருக்கும்போது மழைக்காற்று ஒன்று உள்ளே வந்தது. அட்டை கழன்று கீழே விழுந்தது. பிள்ளை நிறுத்தவில்லை. வெறும் சுவரைப் பார்த்தபடி மிச்ச வரிகளையும் அட்சரம் பிசகாமல் சொல்லி முடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சுமதி மெதுவாக, "எங்கம்மா பாத்துப் படிச்ச?" என்று கேட்டாள்.

"பாக்க வேணாம் டீச்சர், எனக்குக் கடைசி வரி வரைக்கும் தெரியும்."

அம்மாக்களின் ஏற்பாடு

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. யாரோ ஓர் அம்மா அட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்து, அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். வாரம் முழுக்க வீட்டுக்கு வீடு பாராயணம். டெஸ்ட் என்று சொன்னால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான்: பிள்ளை பாஸ் ஆக வேண்டும். ஒரு வீட்டில் பார்க்காமல் எழுதவும் வைத்திருக்கிறார்கள்.

நான் மண்டபம் அதிரக் கத்தினேன். "கண்ணுக்கு யாராச்சும் டியூஷன் வைப்பாங்களா?" சுமதி என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு வேறோர் அட்டையை எடுத்தாள். அதில் ஒரே எழுத்துதான், மேலே, கீழே, இடம், வலம் என்று திரும்பித் திரும்பி நிற்கும். எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்ட வேண்டும். மற்றப் பிள்ளைகள் விளையாட்டாகக் காட்டிவிட்டு ஓடினார்கள். கவினயாவின் கை மட்டும் அந்தரத்தில் நின்றது. மேலே இருந்த பெரிய எழுத்துக்கே அவள் தன் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

சரசு விறுவிறுவென்று வந்து மகளை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன், இன்னும் கொஞ்சம் கத்தலாம் என்று. செருப்பு விடும் இடத்தில் நின்று அவள் சொன்னாள். பிள்ளை படிப்பில் பின்தங்கியிருக்கிறாள், முன்னேற்றம் இல்லையென்றால் அடுத்த வருஷம் தனி வகுப்பில் போட வேண்டியிருக்கும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்களாம். இதில் கண்ணும் ஃபெயில் என்று ஒரு பேச்சுப் போனால் முடிந்தது கதை. சரசு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டெஸ்ட்னு வச்சு இவ பாஸ் பண்ணினது இது ஒண்ணுதாண்ணே, இதையும் பிடுங்கிக்காதீங்க."

பீரோ பேரம்

பேரம் என்று வந்துவிட்டால் எனக்கு மூளை வேலை செய்யும். "ஏன்மா, கண்ணே தெரியாம ஒரு வாரத்துல ஒரு அட்டையை முழுங்கியிருக்கா. இவளா மக்கு? கைப்பேசியைக் கிட்ட வச்சுப் படிச்சதெல்லாம் மண்டையில ஏறியிருக்கு. எட்டத்துல இருக்கிற கரும்பலகைதான் ஏறல" என்றேன். அவள் மகளின் கையை விட்டுவிட்டாள்.

தயங்குகிற வாடிக்கையாளருக்கு என் கடையில் ஒரு வழி உண்டு. வீட்டில் வைத்துப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் நானே வந்து தூக்கிக்கொள்கிறேன் என்று அனுப்பிவிடுவேன். அதையே சொன்னேன். "கண்ணாடி வாங்கித் தரேன். ஒரு மாசம் போடட்டும். சரிப்படலன்னா நானே வந்து எடுத்துக்கிறேன்." சரசுவும் லேசுப்பட்டவள் இல்லை. ஊசி போடக் கூடாது என்றாள். சரி என்றேன். பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூடாது என்றாள். "மூக்கு மேல உக்காந்திருக்கிறத எப்படிம்மா சொல்லாம மறைக்கிறது?" என்றேன். கவினயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சரசு சிரிக்கவில்லை. விலை கேட்பதற்காக நான் கைப்பேசியில் சுமதி வேலை பார்க்கும் கடையின் நம்பரைத் தேடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் இழுத்துத் தேடுவது என் வழக்கம்.

"மொதல்ல உங்க கண்ண டெஸ்ட் பண்ணுங்கண்ணே, அப்புறம் எம்பிள்ளைக்கு வாங்கலாம்."

கிளேபாங்கில் ஒரு முகம்

பண்ணினேன். என்ன வந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. டவுனில் சுமதியின் கடைக்கு அம்மாவையும் மகளையும் வேனில் கூட்டிப்போனேன். கவினயாவுக்கு ஊதா நிறத்தில் ஒன்று, எனக்குக் கறுப்பில் ஒன்று. தோட்டத்துக்குத் திரும்பும் முன் கிளேபாங் கடற்கரை வரை போனோம். அங்கே தேங்காய்த் தண்ணியை ஐஸ்கிரீம் போட்டு அடித்துத் தருவார்களே, அந்தக் கடை ஒன்றில் வேனை நிறுத்தினேன்.

கவினயா குடிக்கவே இல்லை. கடையில் தொங்கிய பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சாரியில் இருந்த பலகையையும் விடவில்லை. எங்களுக்கு முன்னால் ஒருவன் தன் காரைக் கொண்டுவந்து வேனை மறித்து நிறுத்தினான். நான் எழுந்து என் வழக்கப்படி ஆரம்பித்தேன். அவன் காடியை எடுத்துக்கொண்டு ஓடினான். திரும்பி வந்து உட்கார்ந்தால், பிள்ளை என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை வாரமும் அவளுக்கு நான் வெறும் சத்தம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அங்கிள், நீங்க சிரிச்சுக்கிட்டேதான் கத்துவீங்களா?"

திரும்ப எடுக்கப் போன கதை

ஒரு மாதம் கழித்து, சொன்ன சொல்லுக்காகச் சரசுவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். "என்னம்மா, கண்ணாடிய எடுத்துக்கவா?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூடாது என்ற சரசு, தானே போய் ஆசிரியரிடம் கண்ணாடி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். பலகையில் எழுதியதை இப்போது பிள்ளை ஒழுங்காக எழுதி வருகிறாளாம். கணக்கு இன்னும் தகராறுதான். ஆனால் தனி வகுப்புப் பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கண்ணாடியை மட்டும் சரசு கண்ணிலேயே காட்டவில்லை. பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு எங்கோ விளையாடப் போயிருந்தாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, விட்டுப்போன பிள்ளைகளுக்காக மறுபடி கண் சோதனை வைத்தோம். நான் மேசையை இறக்கிக்கொண்டு வருவதற்குள் மண்டப வாசலில் ஒரே சத்தம். சரசு இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். அம்மாக்கள் கைப்பேசிகளைப் பைக்குள் போடுகிறார்கள். வரிசை அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நகர்கிறது.

"பாடம் பண்ணிட்டு வந்த பிள்ளைங்கல்லாம் பின்னால போங்க, ஒண்ணும் தெரியாத பிள்ளைங்க முன்னால வாங்க."

அன்றோடு கத்துகிற வேலையும் என் கையை விட்டுப் போய், வேன் ஓட்டுவதும் மேசை தூக்குவதும்தான் எனக்கு மிச்சம்.