கழுவிய வீடு

தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் நாற்றம். தாமிரபரணி வெள்ளம் வடிந்து நான்காம் நாள், நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றபடி எங்கள் தரையைப் பார்த்தார்.

"வீடு பளிச்சுன்னு இருக்கே. தண்ணி புகுந்துச்சுன்னு எப்படி எழுத?"

இரண்டு நாள் முதுகொடியச் சேற்றை வாரிக் கழுவியதற்குக் கிடைத்த மரியாதை.

இதே நாற்றத்தில் இதே கேள்வியை ஒன்பது வயதில் கேட்டிருக்கிறேன். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் புயல் அடித்து, செத்து ஒதுங்கிய ஆடுகள்மேல் பவுடர் தூவியிருந்தார்கள். அத்தையின் கணவர் போன வள்ளம் இரண்டாகப் பிளந்து கரை ஒதுங்கியது, மாமா வரவில்லை. உடல் கரை சேராமல் எங்கள் பெண்கள் தாலியைக் கழற்றமாட்டார்கள். மாதா கோயில் வளாகத்தில் மேசை போட்டிருந்த அதிகாரி அத்தையின் கழுத்தைப் பார்த்தார்.

"தாலி கெடக்குல்லா யம்மா. செத்தவங்க பட்டியல்ல எப்படிச் சேர்க்க?"

"அவுக இன்னும் கரைக்கு வரல சார்."

"அப்ப வரட்டும்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வள்ளமும் போய், வலையும் போய், வீட்டில் மூன்று பிள்ளைகள். மறுநாள் அத்தை, சிலுவை கோத்த அந்தத் தாலியை எல்லார் முன்னாலும் கழற்றி அவருடைய தாள்மேல் வைத்தாள்.

"இப்ப எழுதுங்க."

அவர் அதைப் பேனா முனையால் ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதினார்.

இரண்டு நாளாகக் கொல்லையில் குவித்திருந்த சேற்றை ஒரு வாளி அள்ளிவந்தேன். கழுவிய தரையில், இவருடைய செருப்புக்கு முன்னால் கொட்டினேன்.

"இப்ப எழுதுங்க" என்றேன்.