ஒரு சைஸ் பெரிய கார்புரேட்டர்

அன்றைக்கு ஷெட்டில் இருந்தது நாலே பேர். நான், என் அக்கா, அத்தான், ஜீப்பை வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்த ஹரியானாக்காரர். வேறு யாரும் இல்லை. பிற்பாடு, ‘யாரோ சொல்லப்போய்த்தானே இப்படி ஆச்சு’ என்று எங்களுக்குள் பேச்சு வரும்போதெல்லாம் அந்த யாரோவை நானும் தேடிப் பார்த்திருக்கிறேன். நாலு பேருக்கு வெளியே அகப்படவில்லை.

ஷெட் ஜனக்புரிக்குப் பின்னால், பெரிய சாக்கடை ஓரத்தில் இருக்கிறது. பழைய வண்டிகளின் எஞ்சினைப் பிரித்து, வேகத்துக்காகத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊரிலிருந்து பதினாறு வயதில் என்னைக் கூட்டிவந்து சோறு போட்டு ஆளாக்கியது அக்காவும் அத்தானும்தான். அத்தானுக்கு மத்திய சர்க்காரில் கணக்குப் பிரிவு. ரிட்டயரான கையோடு, சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிக் கெடு வந்துவிட்டது. ஜனக்புரியிலேயே இரண்டாம் மாடியில் ஒரு போர்ஷன் பார்த்து, அட்வான்ஸ் தருவதாகப் பேசி வைத்திருந்தார்கள். அந்த அட்வான்ஸ் பணம் அப்போது என்னிடம் இருந்தது. என்னிடம் என்றால், ஜீப்பில்.

துவாரகாவில் ஒரு சொசைட்டியின் பார்க்கிங்கில் தூசி மூடிக் கிடந்த கால் நூற்றாண்டுப் பழைய ஜீப் அது. பெட்ரோல் வண்டி, ஆயிரத்து முந்நூறு சிசி. பதினைந்து வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டியை டெல்லி ரோட்டில் இறக்கினால் போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விடும். வெளி மாநிலத்துக்கு விற்றால்தான் உண்டு. ஹரியானாக்காரருக்கு ஹிசார் பக்கம். அங்கே மணல்மேட்டில் ஜீப் ஏற்றுகிற பந்தயம் நடக்கும். ‘மேட்டுல ஒரே மூச்சுல ஏறிட்டா நாலரை லட்சம், அங்கேயே எண்ணி வைக்கிறேன்’ என்று சொல்லியிருந்தார். அதை நம்பி அத்தான் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்தார். விற்றதும் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் டெல்லியில் இருப்பார்கள். இல்லாவிட்டால் ஊருக்கு வண்டி ஏற வேண்டியதுதான். அக்காவுக்கு ஊரில் இப்போது யாரும் இல்லை. எனக்கு டெல்லியில் அவளை விட்டால் யாரும் இல்லை.

எஞ்சின் வேலையெல்லாம் முடிந்து, மிச்சம் இருந்தது கார்புரேட்டர் ஒன்றுதான். அன்றைக்கு நாலு பேரும் கூடியது அதற்காக.

கார்புரேட்டரை எஞ்சினின் தொண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று அதன் குறுகலான இடத்தில் வேகமாகப் பாயும்போது பெட்ரோலையும் உறிஞ்சிக்கொண்டு உள்ளே போகும். தொண்டை சின்னதாக இருந்தால் உச்ச வேகத்தில் மூச்சு முட்டும். பெரிசாக இருந்தால் நிறையக் காற்று போகும், வாஸ்தவம்தான். ஆனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்தக் காற்றுக்கு வேகம் இருக்காது, பெட்ரோல் சரியாக வராது. அதனால் எஞ்சினின் கொள்ளளவு, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும், ஒவ்வொரு இழுப்பிலும் எவ்வளவு நிரம்பும், இந்த மூன்றையும் வைத்துத்தான் அளவைத் தேட வேண்டும். நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆறாயிரம் சுற்று. விடை, நாற்பது மில்லிமீட்டரில் ஒரு ஜோடி.

“சே ஹஜார்?” என்று ஹரியானாக்காரர் ஸ்டூலில் இருந்து எழுந்தே விட்டார். “ஆறாயிரத்துல என் அத்தைகூட ஓட்டுவா, பாயீ. நான் மிதிச்சா எட்டாயிரம்.”

“எட்டாயிரம் இந்த எஞ்சின்...” என்று இழுத்தேன்.

“நான் மிதிச்சு நீ பார்த்ததில்லையே.”

பார்த்ததில்லைதான். ஏழாயிரத்து ஐநூறு என்று வைத்துக்கொண்டேன்.

அத்தான் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “மாப்ள, எஸ்டிமேட்னு ஒண்ணு போட்டா, எதிர்பாராச் செலவுக்குன்னு பத்து பர்சன்ட் சேக்காம நாங்க ஃபைலை மேல அனுப்பவே மாட்டோம். நீ சேத்தியா?”

“இது காத்து, அத்தான். செலவில்லை.”

“காத்தாட்டும், செங்கலாட்டும். நாளைக்குப் பத்தலைன்னா யாரு பதில் சொல்லுதது?”

பத்து பர்சன்ட் சேர்த்தேன். அவர் சொன்னால் நான் மறுத்துப் பேசிப் பழக்கம் இல்லை. ஆனாலும், மறுக்க நினைத்தும் பயந்துகொண்டு சேர்த்தேன் என்று சொல்ல முடியாது. ‘யாரு பதில் சொல்லுதது’ என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அக்கா தூக்குவாளியில் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்திருந்தாள். தட்டில் வைத்தபடியே கேட்டாள். “எலே, இந்த எஞ்சினுக்குப் பசிக்குமா?”

“பசிச்சா சூடாகிப் போவும்க்கா. பிஸ்டன்ல ஓட்டை விழும்.”

“அப்போ என்னத்துக்கு யோசிக்க? ஒனக்கு யூனிஃபார்ம் எடுக்கையில நம்ம அம்மை ஒரு சைஸ் பெரிசாத்தானே எடுப்பா. நீ ஒண்ணும் அதுல செத்துப் போயிரலையே?”

அத்தான் சிரித்தார். என்ன பேசினோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஹரியானாக்காரரும் சிரித்தார். “பஹன்ஜி சரியாச் சொல்றாங்க. படா வாலா லகாவ்!” பெரிசையே மாட்டு.

அவர்கள் மூன்று பேரும் சொன்னதோடு விட்டிருந்தால்கூட கணக்கு நாற்பதுக்கும் அடுத்த சைஸான நாற்பத்தைந்துக்கும் நடுவில்தான் நின்றிருக்கும். வருஷங்களுக்கு முன்னால், பெட்ரோல் போதாமல் எரிந்து ஓட்டை விழுந்த ஒரு பிஸ்டனைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை. அக்காவின் வீட்டு அட்வான்ஸ் அந்த ஓட்டை வழியாகப் போவதுபோல அன்றைக்குத் தோன்றியது. நடுவில் நின்றதை நான் மேலே தள்ளினேன். கவலை வந்தால் எனக்குக் கூட்டத்தான் தெரியும்.

காஷ்மீரி கேட்டில் பழைய இறக்குமதிச் சாமான் விற்கிற கடையில் நாற்பத்தைந்தில் ஒரு ஜோடி இருந்தது. கடைக்காரர் துணியில் துடைத்து மேஜைமேல் வைத்தார். “விற்றது விற்றதுதான், திரும்ப எடுக்க மாட்டேன்” என்றார். பக்கத்திலேயே நாற்பதும் ஒரு ஜோடி இருந்தது. விலையும் கம்மி. கம்மியாக இருந்ததே என்னைப் பயமுறுத்தியது.

நாற்பத்தைந்தையே வாங்கிவந்து மாட்டி ஸ்டார்ட் பண்ணினேன். அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்ல! நின்ற இடத்திலேயே பெடலைத் தட்டினால் ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. போனில் அத்தானுக்குக் கேட்கப் பிடித்தேன். “ஏ அப்பா, ராக்கெட்டுல்லா விடுத!” என்றார். நின்ற இடத்தில் எஞ்சினுக்குச் சுமை கிடையாது. சும்மா சுற்றுவதற்கு எந்தத் தொண்டையும் போதும். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு அப்படித் தூங்கினதாக நினைவில்லை.

ஜீப்பை லாரியில் ஏற்றி ஹிசாருக்குக் கொண்டுபோனோம். அத்தானும் கூட வந்தார். டிசம்பர் குளிர். பனிமூட்டம் விலகி வெயில் வந்ததும் ஹரியானாக்காரர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். அவருடைய ஆட்கள் வேடிக்கை பார்க்க டிராக்டரில் உட்கார்ந்திருந்தார்கள். மேட்டின் அடியில் இரண்டாம் கியரில் ஒரே மிதி.

‘பூ...’ என்று ஒரு பெருமூச்சு விட்டு எஞ்சின் நின்றது.

மறுபடி. மறுபடி பெருமூச்சு, கொஞ்சம் கறுப்புப் புகை. மூன்றாம் தடவை சமதரையில் எஞ்சினை நன்றாகச் சுற்றவிட்டு வந்தார். பாதி மேடு பறந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது. மணல் சக்கரத்தைப் பிடித்ததும் சுற்று இறங்கிற்று, அந்த நிமிஷமே இழுவை போய், ஜீப் பின்பக்கமாகச் சறுக்கிக் கீழே வந்து நின்றது.

அவர் இறங்கி மணலைத் தட்டிக்கொண்டார். “ஹவாயி ஜஹாஜ் ஹை, பாயீ. விமானம் செஞ்சிருக்கே. ரன்வேயை எங்கே விட்டுட்டு வந்தே?”

டிராக்டரில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இப்போதும் எனக்குக் கேட்கிறது. சிரிப்பு அடங்கினதும் அத்தான் என் பக்கம் வந்து தமிழில், மெதுவாகக் கேட்டார். “சரி பண்ணிரலாம்லா, மாப்ள?”

அந்தக் கார்புரேட்டருக்குள் மாட்டுகிற குறுகல் வளையங்களைக் கொண்டுபோயிருந்தேன். அந்த அளவுக்குக் கிடைக்கிற ஆகச் சின்னதைப் போட்டும் அந்த எஞ்சினுக்கு அது பெரிசு. பெட்ரோல் பாய்கிற துளையான ஜெட்டை மாற்றினேன். பம்ப்பைக் கூட்டினேன். சாயங்காலம் வரை மணலில் மண்டி போட்டுக்கொண்டு கழற்றி மாட்டினேன். புகை கூடிற்றே தவிர மேடு ஏறவில்லை. கையில் இருந்த ஒவ்வொரு பைசாவும் அந்த ஜோடியில் போயிருந்தது. நாற்பதை வாங்கிவர வேறு பணம் இல்லை. அத்தானிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரிடமும் இல்லை.

கடைசியில் ஹரியானாக்காரர் ஒரு விலை சொன்னார். “இதைக் கழற்றிடு. பழைய கார்புரேட்டரை மாட்டிக் குடு. உழவுக்காவது ஆகும். ஒண்ணே முக்கால் லட்சம்.” ஜீப்பை டெல்லிக்குத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்த இடமும் இல்லை, வழியும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். கொடுத்துவிட்டோம். பழையதை மாட்டி, ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பாதி மேட்டுக்கு மேலேயே, திணறாமல், மாடு ஏறுவதுபோல ஏறிப் போய் நின்றது. இன்னும் கொஞ்சம் மூச்சு இருந்திருந்தால் உச்சிக்குப் போயிருக்கும். அதைப் பார்த்ததற்குப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

திரும்பி வரும்போது லாரியில் அத்தான் கேட்டார். “அந்தப் பத்து பர்சன்டை நான் சொல்லாம இருந்திருக்கலாமோ?”

“அதால இல்லை அத்தான்.”

“பின்ன எதால?”

நாலு பேரும் அவரவர் நல்லெண்ணத்தில் ஒரு பிடி அதிகமாகப் போட்டோம்.

எஞ்சின் சாமான் வாங்கின கடைகளுக்கும் ஷெட் பாக்கிக்கும் போக, அத்தானிடம் ஒரு லட்சத்து ஐந்தாயிரம் கொடுக்க முடிந்தது. போர்ஷன்காரர் வேறு குடும்பத்துக்கு விட்டுவிட்டார். மார்ச் மாதம் நிஜாமுதீனில் அவர்களை ரயிலேற்றினேன். அக்கா ஜன்னலுக்கு உள்ளே இருந்து, “ராத்திரி வெறும் ரொட்டியத் தின்னுட்டுக் கெடக்காத, என்ன?” என்றாள்.

கார்புரேட்டர் ஜோடி ஷெட் அலமாரியில், பாலிதீன் சுற்றி இருக்கிறது. வந்து பார்க்கிற பையன்களுக்கு அளவைச் சொன்னதும் கண் விரியும். எந்த எஞ்சினுக்கு என்று கேட்பேன். சொல்வார்கள். வேண்டாம், உனக்கு இது பெரிசு என்று அனுப்பிவிடுவேன். பணம் வேண்டித்தான் இருக்கிறது, ஆனாலும் அனுப்பிவிடுகிறேன்.

கையில் மிஞ்சுகிற மாதங்களில் அத்தானுக்குக் கொஞ்சம் பணம் அனுப்புகிறேன். அத்தான் போனில் வெயிலைப் பற்றிக் கேட்கிறார், ஜனக்புரி மார்க்கெட்டில் வாழைப்பூ வருகிறதா என்று கேட்கிறார். பணத்தைக் கேட்பதில்லை. அக்காவுக்கு மூட்டுவலி கூடிவிட்டது, பக்கத்தில் ஆள் இல்லை என்பதையும் நானாகக் கேட்டால்தான் சொல்கிறார். போனை வைத்ததும் மனசுக்குள் கழித்துப் பார்ப்பேன். இன்னும் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் ரூபாய்.