காற்று அசையாத நாளில் வரும் அண்ணன்

டிவி டவர் அலுவலகத்தில் மொத்தம் மூன்று அறைகள். ஒன்றில் என்ஜினியர், இன்னொன்றில் இரவு பகலாக இரைந்துகொண்டிருக்கும் இயந்திரங்கள். மூன்றாவதில் ஒரு மேஜை, ஒரு ஃபோன், ஒரு தடித்த பதிவேடு. அந்த மேஜைக்குப் பின்னால் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அலுவலகத்துக்கும் தெருவுக்கும் அவள் சிக்னல் அக்கா.

ஆன்டெனா வைத்து டிவி பார்க்கும் வீடுகளில் படம் வரவில்லை என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். படம் தெரியாத மனுஷனுக்கு நாக்கில் நரம்பு இருக்காது. அக்கா எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, "டிவி பின்னாடி கேபிளைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்க" என்பாள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பக் கூப்பிட்டு நன்றி சொன்னதில்லை.

ஒரே ஒரு கோளாறுக்கு மட்டும் கேபிளை அழுத்திப் பயனில்லை. வருஷத்தில் இருபது, முப்பது நாட்கள் காற்று சுத்தமாக நின்றுவிடும். கடல் விரித்த பாய்போல் கிடக்கும். மற்ற நாட்களில் நடுக்கடலோடு நின்றுபோகும் எதிர்க்கரை டவரின் சிக்னல், அந்த நாட்களில் தண்ணீரை ஒட்டியே வழுக்கிக்கொண்டு இங்கே வந்து சேரும். இரண்டு டவருக்கும் ஒரே அலைவரிசை. பழைய டிவி காலத்தில் என்றால் நம் ஊர்ச் செய்திக்கு அடியில் அவர்கள் ஊர்ப் படகு நிழல்போல ஆடும், ஜனங்களும் பொறுத்துக்கொண்டு பார்ப்பார்கள். டிஜிட்டலுக்கு அந்தத் தாட்சண்யமெல்லாம் கிடையாது. படம் கட்டம் கட்டமாகச் சிதறும், சத்தம் விக்கும், பிறகு கறுப்புத் திரையில் "சிக்னல் இல்லை" என்று வந்து நிற்கும்.

அப்போதுதான் ஜனங்கள் செய்யக்கூடாததைச் செய்வார்கள். ரிமோட்டை எடுத்துச் சேனல்களைப் புதிதாகத் தேடச் சொல்வார்கள். டிவியும் சொன்ன பேச்சைக் கேட்டு, நம் சேனலைத் துடைத்துப் போட்டுவிட்டு எதிர்க்கரைச் சேனலைப் பத்திரமாகப் பதிந்து வைத்துக்கொள்ளும்.

"எதையும் தேடாதீங்க சார். ரிமோட்டைக் கீழ வைங்க. சாயங்காலம் காத்து வந்ததும் தானா சரியாயிடும்" என்று அக்கா அன்றைக்கெல்லாம் தொண்டை கட்டச் சொல்லுவாள். சொல்லிவிட்டு, ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம் வந்ததும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வீட்டுக்கு ஓடி, ரிமோட்டை எடுத்து அதே தேடலைத் தானே செய்வாள். ஊருக்குத்தான் உபதேசம்.

ஒன்று பத்துக்கு எதிர்க்கரைச் சேனலில் துறைமுக அலுவலகத்திலிருந்து அலை நேரம் வாசிப்பார்கள். நாலே நிமிஷம். ஒரு மேஜை, ஒரு காகிதம், கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா. "உயர் அலை மாலை ஐந்து நாற்பத்திரண்டு. தாழ் அலை இரவு பதினொன்று ஐம்பது. கடல் அமைதி." அந்தக் குமாஸ்தா அவளுடைய அண்ணன்.

பதினோரு வயசு மூத்தவர். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர், காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க முழித்திருந்தவர். அவள் இக்கரைக் கப்பலில் டிக்கெட் பரிசோதிக்கும் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றபோது, "கப்பல்ல ஏறினா அப்படியே போயிடு. திரும்பி வராதே" என்று சொன்னவரும் அவர்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய பேச்சு. அவள் மூன்று கடிதம் போட்டாள், பதில் இல்லை. துறைமுக அலுவலகத்துக்கு ஒரு தடவை ஃபோன் செய்தாள். "அண்ணா" என்றாள். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கப்பலும் நின்றுபோனது. விமானத்தில் போகலாம்தான். போய் வாசலில் நின்று, அவர் கதவைச் சாத்திவிட்டால்? அந்த ஒரு கேள்வியைத் தாண்ட அவளுக்குத் தைரியம் வரவே இல்லை.

ஆகவே அவளுக்கு வாய்த்தது வருஷத்தில் இருபது, முப்பது நாள், நாளுக்கு நாலு நிமிஷம். அதிலும் பாதி நாள் கட்டம் கட்டமாய்ச் சிதறிவிடும். அப்படியே பார்த்துப் பார்த்து அவருக்கு முன்நெற்றி ஏறியதும், மீசை நரைத்ததும், ஒரு வருஷம் கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு வந்ததும் அவளுக்குத் தெரியும். அந்தக் கழுத்துப் பட்டை என்ன ஆயிற்றோ என்று எட்டு மாதம் தவித்தாள். அடுத்த தடவை காற்று நின்றபோது பட்டை இல்லை. அன்றைக்கு ராத்திரி இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். மொட்டை மாடியில் கடலைப் பார்க்க இரண்டாவது ஆன்டெனா கட்டிக் கொடுத்தவரே அவர்தான். காலையில் ஜன்னல் திரை அசையாமல் தொங்கினால், "என்ன, இன்னைக்கு மச்சான் வருவாரு போல இருக்கே. கூடக் கொஞ்சம் சமைச்சு வைக்கட்டுமா?" என்பார்.

"கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்லம்மா. இத்தனை வருஷத்துல நம்ம வீட்டுக்குத் தவறாம வந்து போற ஒரே சொந்தம் அவருதான்."

ஒருமுறை அப்படிப்பட்ட நாளில் வேலை நெருக்கி, வீட்டுக்குப் போக முடியவில்லை. ஒன்று பதினொன்றுக்கு ஒரு பெரியவர் கூப்பிட்டுக் கத்தினார். "ஏம்மா, என் தொடரைக் காணோம். யாரோ ஒரு ஆளு உக்காந்துக்கிட்டு அலை ஏறுது இறங்குதுன்னு படிக்கிறான்."

"எப்படி இருக்காரு?" அக்காவின் வாய் முந்திக்கொண்டது.

"என்னது?"

"இல்ல சார், படம் எப்படி இருக்கு, தெளிவா இருக்கான்னு கேட்டேன்."

"கண்ணாடி மாதிரி இருக்கு. அதான் கடுப்பாகுது."

"ஆள் இளைச்சிருக்காரா சார்?"

பெரியவர் உண்மையிலேயே டிவியைத்தான் பார்த்தார் போலிருக்கிறது. "நல்லாத்தான் இருக்கான். சட்டைதான் தொளதொளன்னு இருக்கு" என்றார். அக்கா அவருக்கு அரை மணி நேரம் பொறுமையாகச் சேனல்களைத் திருப்பி வைத்துக் கொடுத்தாள்.

இப்படியே போயிருக்கும். போகவிடாமல் செய்தது வேறு யாருமில்லை, அக்காவேதான். எந்தத் தெரு, எத்தனை மணி, எத்தனை நிமிஷம், படம் சிதறியதா நின்றதா என்று ஒரு புகார் விடாமல் பதிவேட்டில் எழுதுவாள். ஒருசில நாட்களை எழுதாமல் விட்டால் என்ன என்று யோசிக்காமல் இல்லை. கை கேட்கவில்லை. பொய்க் கணக்கு எழுதும் கையாக அண்ணன் அதை வளர்க்கவில்லையே.

ஒரு திங்கட்கிழமை என்ஜினியர் உச்சி குளிர்ந்து வந்தார். "அக்கா, தலைமை அலுவலகத்துல சம்மதிச்சுட்டாங்க. மாசக் கடைசியோட நம்ம அலைவரிசையையே மாத்தறோம். அந்தப் பக்கத்து டவரோட தகராறே இருக்காது. அவங்களும் அந்த அலைவரிசையை விட்டுட்டு வேற எங்கயோ தள்ளிப் போறாங்க. அது இங்க எட்டவே எட்டாது. எல்லாம் உங்க பதிவேட்டை வச்சுத்தான். பாராட்டி ஒரு கடிதம்கூட வருது."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள். என்ஜினியர் போன பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மாசக் கடைசிக்குப் பதினொரு நாள் இருந்தது. அதில் முதல் ஒன்பது நாளும் காற்றுக்கு என்ன வந்ததோ, தலைதெறிக்க அடித்தது. அவள் காலையில் கண் விழித்ததும் ஜன்னல் திரையைத்தான் பார்ப்பாள். அது உப்பி உப்பி ஆடும். கடைசியாக ஒரு தடவை. அவ்வளவுதான். முகத்தை மனசில் நன்றாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர்கூட அந்த வாரம் கிண்டலை விட்டுவிட்டார்.

பத்தாம் நாள் திரை அசையவில்லை.

அன்று பன்னிரண்டரைக்கே என்ஜினியரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்காரரும் அரை நாள் லீவு போட்டிருந்தார். ஒன்று பத்துக்குத் துறைமுக அலுவலகம் தெரிந்தது. ஒரு கட்டம்கூடச் சிதறவில்லை. அதே மேஜை. அதே காகிதம். நாற்காலியில் ஒரு இளம்பெண். "உயர் அலை மாலை நான்கு இருபது" என்று தொடங்கி, நாலு நிமிஷமும் நிமிராமல் வாசித்தாள். அவருக்கு என்ன ஆனது என்று ஒரு வார்த்தை இல்லை. அலை நேரம் கேட்பவர்களுக்கு அது எதற்கு?

"லீவுல இருப்பாரும்மா" என்றார் வீட்டுக்காரர்.

"அவர் லீவே எடுக்க மாட்டார்."

அலைவரிசை மாறியது. ஊரே நிம்மதியாகப் படம் பார்த்தது. ஃபோன் அடிப்பது பாதியாகக் குறைந்தது. பாராட்டுக் கடிதம் வந்தது, அக்கா அதை மேஜை இழுப்பறையில் குப்புறப் போட்டாள். துறைமுக அலுவலகத்து எண் இன்னமும் மனப்பாடம். நாலைந்து தடவை பாதி வரை அழுத்தினாள். அந்தப் பெண் எடுத்து, "அவரா, அவர் போயிட்டாரே" என்று சொல்லிவிட்டால்? தெரியாமல் இருக்கும் வரைக்கும் அவர் இருக்கிறார். அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினாள்.

நாலாவது வாரம், ஒரு முற்பகல் ஃபோன் அடித்தது. எடுத்ததும் தூரத்து அழைப்புகளில் கேட்கும் இரைச்சல்.

"வணக்கம், சிக்னல் குறை கேட்கும் பிரிவு."

எதிர்முனையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். "ஒரு புகார் சொல்லணும்."

அதே குரல். அலை நேரம் வாசிக்கும் அதே நிதானம்.

"சொல்லுங்க சார்."

"நான் எதிர்க்கரையிலிருந்து பேசறேன். காத்து இல்லாத நாள்ல உங்க சேனல் எங்க வீட்டுல வரும். கீழ இந்த நம்பர் ஓடும், எழுதி வச்சிருந்தேன். இப்ப மூணு வாரமா சேனல் வரல."

"நாங்க அலைவரிசையை மாத்திட்டோம் சார். அங்க வந்ததே கோளாறுதான். இப்பதான் அதைச் சரி பண்ணியிருக்கோம்."

"கோளாறுன்னு எனக்கும் தெரியும். ஆனா வந்துக்கிட்டு இருந்துச்சே."

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எங்க சேனல்ல என்ன சார் பாப்பீங்க?"

"வானிலைதான். அந்தப் பக்கம் மழையா, வெயிலான்னு. வேற ஒண்ணும் பாக்கறதில்ல." மறுபடி செருமினார். "போன மாசம் ரிடையர் ஆனேன். வேலையா இருந்தப்போ சரியா பாக்க நேரம் இருக்காது. இனிமே நிதானமா பாக்கலாம்னு ஆன்டெனாவை உங்க பக்கம் திருப்பிக் கட்டினேன். கட்டின மறுவாரமே நின்னுபோச்சு."

ரிடையர் ஆகியிருக்கிறார். அவ்வளவுதான். உயிரோடு, வீட்டில், ஆன்டெனா திருப்பிக்கொண்டு இருக்கிறார். அவளுக்குக் கண்ணை மறைத்தது. பதிவேட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். சரிசெய்ய முடியாத புகாராக இருந்தாலும் எழுதியாக வேண்டும், அது விதி. விதி மட்டும் அப்போது இல்லாவிட்டால் அவளால் பேசியிருக்கவே முடியாது.

"பதிவு பண்ணிக்கறேன். விலாசம் சொல்லுங்க சார்."

இரைச்சல் மட்டும் கேட்டது. அன்றைக்கு வைத்த மாதிரியே வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தாள்.

"விலாசம் உனக்குத் தெரியுமே" என்றார். பிறகு, "கதவு நம்பர் மட்டும் மாத்தியிருக்காங்க. எழுதிக்கோ" என்றார்.