அம்மாவுக்கு வைத்த முதல் பிடி

அம்மா மறைந்து ஓராண்டு நிறைந்த இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்லதை எல்லோரும் அறிவீர்கள். அம்மாவின் கோபத்தையும் அறிவீர்கள். உங்களில் பாதிப் பேர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். ஆனால் அந்தக் கோபங்களில் மிகப் பெரியது எப்படித் தணிந்தது என்பதை அன்றைக்கு அந்த மேசையில் இருந்தவர்கள் மட்டுமே பார்த்தோம். அம்மாவின் தம்பியான மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது ரங்கூனில். பண்பொழிக்காரரான தாத்தா அங்கே ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். நம்மவர்கள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பிய காலத்தில் அவரும் குடும்பத்தோடு கப்பல் ஏறினார். கப்பலில் ஆச்சிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. கைக்குழந்தையாக இருந்த மாமாவை இடுப்பை விட்டு இறக்காமல் ஊர் கொண்டுவந்து சேர்த்தது, அப்போது சிறுமியாக இருந்த அம்மாதான். “அவன்தான் என் மூத்த பிள்ள, நீங்க ரெண்டு பேரும் அவனுக்கப்புறம்தான்” என்று எங்களிடம் சொல்வார். எனக்கும் அண்ணனுக்கும் அதில் பொறாமைகூட உண்டு.

பர்மாவிலிருந்து பொருளாக எதையும் கொண்டுவர முடியவில்லை. ஒரு வழக்கம் மட்டும் கூடவே வந்தது. அங்கே பக்கத்து வீட்டுப் பர்மாக்காரர்களிடமிருந்து பழகியது அது. சாப்பிட உட்கார்ந்ததும் இளையவர் ஒருவர் முதல் பிடியை எடுத்து மூத்தவரின் தட்டில் வைக்க வேண்டும். மூத்தவர் அதை வாயில் போடும் வரை வேறு யாரும் சாப்பாட்டில் கைவைக்கக் கூடாது. பண்பொழி வீட்டில் தாத்தா இருந்தவரை அப்படித்தான் நடந்தது. பசியோடு போகிறவர்களுக்குப் பெரிய சோதனைதான்.

தென்காசியில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அம்மா, அப்பா பாதியில் இறந்துபோன பின் அவருடைய பாத்திரக்கடையைத் தானே நடத்தினார். குடத்தைத் தட்டிப் பார்த்தே கனம் சொல்லுவார். பேரம் பேச வந்தவர்களை அவர் பார்க்கும் பார்வையிலேயே பாதிப் பேர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கடையை வைத்துத்தான் அண்ணன் படித்து ராணுவத்துக்குப் போனார், நானும் படித்தேன்.

அண்ணன் வடக்கே இருந்த சமயம், அண்ணிக்குப் பேறுகாலம் என்று அம்மா துணைக்குப் போயிருந்தார். அப்போதுதான் தாத்தா இறந்துபோனார். தகவல் தெரிந்ததும் அம்மா ரயில் ஏறினார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் போன் பண்ணினார். “நான் வாரேன்லே. எடுத்துராதிய, நான் மொகத்தப் பாக்கணும்.” அடைமழை. ஊர்ப் பெரியவர்கள் இனியும் வைத்திருக்கக் கூடாது என்று நெருக்கினார்கள். மாமா தலையாட்டிவிட்டார். அம்மா வந்து இறங்கியபோது வாசல் கழுவிவிடப்பட்டிருந்தது, உள்ளே விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் அம்மா திரும்பினார். படியிறங்கும்போது மாமாவைப் பார்த்துச் சொன்னார்: “நான் செத்தா ஒன் கோடி என் மேல விழக்கூடாது.”

பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் எங்கள் பக்கம் எந்தப் பெண்ணையும் தூக்குவதில்லை. அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது மாமா ஒருவர்தான். அதற்குப் பிறகு குத்துக்கல்வலசைக்குக் குடிபோய்விட்ட மாமா ஒரு பக்கம், தென்காசியில் நாங்கள் ஒரு பக்கம். கூப்பிடு தூரம்தான், பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் வீட்டில் மாமாவின் பெயரைச் சொன்னால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். இது இப்படியே முடிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு வருஷக்கணக்காக இருந்தது.

அம்மாவுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அந்தப் பயம் முற்றிவிட்டது. இந்த வயதில் எதுவும் நடக்கலாம் என்று அவர் மறைக்காமல் சொன்னார். “குத்தாலத்துல ஐந்தருவி ரோட்டுல பர்மாச் சாப்பாட்டுக் கடை ஒண்ணு போட்டுருக்காவல்லா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்ன அங்கன ஒருநாள் கூட்டிட்டுப் போ” என்றார் அம்மா. நான் சரி என்று சொல்லிவிட்டு, “மாமாவையும் வரச் சொல்லப் போறேன்மா” என்றேன். அம்மா வரட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுப்படிக்கும் போகவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

சீசன் நேரம். சாரல் விடாமல் அடித்தது. ரோடு முழுக்க ஈரத்தலையோடு ஜனம். என் வீட்டுக்காரர் காரை ஓட்ட, அம்மா வழி நெடுகிலும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கடை வாசலில் மாமாவும் அத்தையும் ஒரே குடையில் நின்றார்கள். கார் நின்ற பின்னும் அம்மா இறங்கவில்லை. வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரம் மாமாவையே பார்த்துவிட்டு, “மெலிஞ்சிட்டான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார்.

உள்ளேயும் மாமாவின் முகத்தை அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சுவரில் ரங்கூன் புத்தர் கோயில் படம் மாட்டியிருந்தது, அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அத்தை மழையைப் பற்றிப் பேசினார். நானும் மழையைப் பற்றிப் பேசினேன். எவ்வளவு நேரம்தான் மழையைப் பற்றிப் பேச முடியும்?

அத்தோ வந்தது. நூடுல்ஸில் முட்டைக்கோசும் பொரித்த வெங்காயமும் புளியும் போட்டுக் கையால் பிசைந்தது. கூடவே வாழைத்தண்டு சூப்பும் கடலை வடையும். மாமா எழுந்து கைகழுவிவிட்டு வந்தார். பெரிய தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தார். பிறகு உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார். நாங்களும் கையைக் கட்டிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் சிவகிரிக்காரர், அவருக்கு இதெல்லாம் தெரியாது. அவசரத்தில் ஒரு கடலை வடையை வாயில் போட்டுவிட்டிருந்தார். நான் முறைத்ததில் மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

அம்மா அந்தப் பிடியைத் தொடவில்லை. சூப்பில் ஆவி அடங்கிவிட்டது. மற்ற மேசைகளில் ஆட்கள் சாப்பிட்டு எழுந்து போனார்கள். பரிமாறுகிறவர் எங்கள் பக்கம் வந்தார். கல்லாவில் இருந்த கடைக்கார அம்மாளுக்கும் பூர்வீகம் பர்மாதான். விஷயம் புரிந்திருக்க வேண்டும், சைகை காட்டி அவரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் எல்லாம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்று கிடக்க ஒன்று ஆனால், கோடி இல்லாமல்தான் போவார்.

அம்மா தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஏலே, அப்பாவுக்கு என் பேரச் சொல்லி யாராவது வாய்க்கரிசி போட்டியளா?”

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“போட்டேன்க்கா. எனக்கு ஒண்ணு போட்டேன். பொறவு இது அக்காவுக்குன்னு சொல்லி இன்னொண்ணு போட்டேன்.”

“அத ஏன்லே இத்தன நாளும் சொல்லல?”

“சொன்னா சாக்குச் சொல்லுத மாதிரி இருக்கும்லா. நான் காத்துக் கெடந்திருக்கணும். ஊரு சொல்லுச்சுன்னு எடுத்துட்டேன். தப்புதான்க்கா.”

அம்மா அழவில்லை. மாமாதான் அழுதார். பிறகு அம்மா அந்தப் பிடியை எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்று விழுங்கினார்.

“புளி கம்மி” என்றார்.

அன்றைக்கு நாங்கள் சாப்பிட்ட மாதிரி எந்தக் கல்யாண வீட்டிலும் சாப்பிட்டதில்லை. கிளம்பும்போது மாமா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா உள்ளே உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டே, “எனக்குன்னு கோடி எடுக்கும்போது பச்ச எடுத்துராத. எனக்குப் பச்ச ஆகாது” என்றார். அத்தை காதைப் பொத்திக்கொண்டார். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து அம்மா வீடு திரும்பினார். அதற்குப் பிறகு மாமா வராத வாரம் கிடையாது. வந்தால் இரண்டு பேரும் ரங்கூன் தெருக்களைப் பற்றிச் சண்டை போடுவார்கள். மாமாவுக்கு அங்கே எதையும் பார்த்து நினைவில் வைக்கும் வயதில்லை, இருந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டார். சென்ற ஆண்டு ஒரு மழைநாள் காலையில், காபி குடித்துவிட்டுச் சாய்ந்த அம்மா பிறகு எழுந்திருக்கவில்லை.

அண்ணன் எல்லையில் இருந்தார். மறுநாள்தான் வர முடியும் என்றார். சாயங்காலமானதும் வந்தவர்கள் மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். மழை, நேரம், சாஸ்திரம் எல்லாம் வந்தது. மாமா ஒரு நாற்காலியைத் தூக்கி வாசல் நடையில் போட்டு உட்கார்ந்தார். “மருமகன் வந்து மொகத்தப் பாக்காம எங்க அக்கா இங்கேருந்து எழும்ப மாட்டா. ஒரு தடவ ஊரு பேச்சக் கேட்டுட்டேன், போதும்” என்றார். பேசிக்கொண்டிருந்தவர்களும் ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் அண்ணன் வந்து, அம்மாவின் முகத்தை வேண்டுமட்டும் பார்த்தார். மாமா அரக்குநிறக் கோடியைத் தன் கையாலேயே போர்த்தினார்.

அம்மாவுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும், நாள் கணக்குப் பார்க்காமல் ஃப்ரீசர் பெட்டியை விட்டுவைத்த அன்பருக்கும், காத்திருந்தவர்களுக்கு விடிய விடியக் காபி போட்டுக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், மனம் கோணாமல் காத்திருந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பதினாறாம் நாளன்று அம்மாவுக்குப் படைக்கவென்று, புளியைத் தூக்கலாகப் போட்டு அத்தோ பிசைந்து கொடுத்தனுப்பிய குற்றாலம் கடைக்கார அம்மாளுக்கும் நன்றி.

அன்று பந்தியில் அண்ணன் முதல் பிடியை எடுத்து மாமாவின் இலையில் வைத்தார். இனி வீட்டில் மூத்தவர் மாமாதான். மாமா அதைச் சரிபாதியாகப் பிரித்தார். எழுந்து போய் ஒரு பாதியை அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்து, “இது ஒனக்குக்கா” என்றார். திரும்பி வந்து மற்ற பாதியைச் சாப்பிட்டார். அதன் பிறகுதான் நாங்கள் இலையில் கைவைத்தோம்.