விளங்காமல் சொன்ன சம்மதம்

முதலில் தெரிந்தது வாடைதான். இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மழை விடாத ஒரு சாயங்காலம், என் கணவர் அந்தோனி அடுப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் வேலை அவருக்கு. குளிருக்குக் காலைச் சூடு காட்டுவது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். ரொட்டி தீய்கிறதோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். தீய்ந்துகொண்டிருந்தது அவருடைய வலது கால் பெருவிரல்.

"என்னாங்க, காலு நெருப்புல கெடக்கு!" என்று கத்தினேன்.

அவர் குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். "ஒண்ணும் வலிக்கலையே புள்ள" என்றார்.

வலிக்காவிட்டால் நல்லதுதானே என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புண் இருந்தும் வலி இல்லையென்றால் அது நல்லதே இல்லை. அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் களிம்பு கொடுத்தார்கள். அவர் வேலைக்குப் போய்விட்டார். வலிக்காத காலுக்கு யார் லீவு கேட்பார்கள்? விரல் கறுத்து, கிட்டப் போனாலே மூக்கைப் பிடிக்க வேண்டிய நிலை வந்த பிறகுதான் பதுளைக்கு பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் அவருடைய சிறுநீரை ஒரு நீல மருந்தோடு கலந்து சூடாக்கினார்கள். அது செங்கல் நிறமாக மாறியது. நீரிழிவு (இரத்தத்தில் சீனி கூடிப்போகும் நோய்) என்றார்கள். எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. அது பஞ்ச காலம். ரேஷன் தரும் கூப்பன் கடையில் சீனியைக் கண்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. பால், சீனி இல்லாத வெறும் தேயிலைச் சாயத்தண்ணியும் மரவள்ளிக் கிழங்கும் காய்ந்த ரொட்டியுமாகக் கிடந்தவருக்குச் சீனி வருத்தமாம்! அந்தக் கிழங்கும் மாவும் உள்ளே போய்ச் சீனியாகத்தான் மாறும் என்பது எங்களுக்குத் தெரியாது. நோய் முற்றினால் கால் நரம்பு மரத்துப்போகும் என்பதும் தெரியாது.

டாக்டர் இளம் வயதுச் சிங்களவர். நல்ல மனிதர், நான் குறை சொல்ல மாட்டேன். அரைகுறைத் தமிழில் "வலி இருக்கா?" என்று கேட்பார். "ஆமாங்க ஐயா" என்பார் இவர். "சொன்னது வெளங்கிச்சா?" என்றாலும் அதே ஆமாங்கதான். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலேயே எங்கள் ஆட்களுக்கு வாய் அப்படிப் பழகிவிடும். துரை என்ன கேட்டாலும் ஆமாங்க. விளங்கவில்லை என்று சொன்னால் வாய்க்கொழுப்பு என்று பெயர். அந்தப் பழக்கத்தை இவர் வார்டுக்குள்ளும் கொண்டுபோய்விட்டார். காலில் உணர்ச்சி இருக்கிறது என்று டாக்டரும் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில் நான் போனபோது முகம் தெளிவாக இருந்தார். "நாளைக்குக் காலுக்கு என்னமோ செய்றாங்களாம். அப்பறம் வீட்டுக்குப் போயிறலாம்" என்றார். எனக்கும் சந்தோஷம்தான்.

பக்கத்துக் கட்டிலில் பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன்; நானா என்று கூப்பிடுவோம். அவருக்கும் இதே நோய். சிங்களம் நன்றாகத் தெரிந்தவர். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒங்கட மாப்புளைக்கு ஒண்ணும் வெளங்கல்ல. முழங்காலுக்குக் கீழ கால எடுக்கோணும், சம்மதமாண்டு டொக்டர் கேட்டாரு. இவரு ஆமாங்கண்டு சொல்லி, கைநாட்டும் வெச்சிட்டாரு."

வார்டுக்குள் எட்டிப் பார்த்தேன். "நான் சொல்லவா நானா?"

"சொன்னா எழும்பி ஓடிருவாரு. சொல்லாட்டி, நாளைக்கு முழிச்சுப் பாக்கக்குள்ள..."

ஓடினால் சாவார். சொல்லாமல் விட்டால் உயிரோடு இருப்பார், ஆனால் என் முகத்தைப் பார்த்து ஒரு நாளும் பேசமாட்டார். எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. அவர் மேல்தான் அதிகம். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற மனுசனைக் கட்டிக்கொண்டு வந்தேனே என்று நொந்துகொண்டேன். பிறகு உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் சாரத்தையும் துண்டையும் பைக்குள் திணிக்க ஆரம்பித்தார். "செத்தா ரெண்டு காலோட சாவுறேன். எடு, போவோம்."

நானாதான் போய் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் கோபிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, இவருடைய கணுக்காலுக்கு மேலே சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டார். அவர் சொன்னதை நானா தமிழில் சொன்னார்.

"இந்தச் செவப்பு புண்ணுல இருந்து ஏறுற நஞ்சு. நீங்களே பாத்துக்கிட்டு இருங்க. நாளைக்கு இந்தக் கோட்டத் தாண்டிச்சிண்டா, அதுக்குப் பொறகு ஒடம்பு முழுக்க ஏறும். தாண்டாட்டி நாங்க வெட்ட மாட்டோம்."

மறுநாள் காலையில் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போனேன். அவர் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். தூங்கிய முகமில்லை. கோட்டுக்கு மேலே சிவப்பு ஏறியிருந்தது.

"தாண்டிருச்சு புள்ள" என்றார்.

டாக்டர் வந்து நின்றார். இவர் ஆமாங்க என்று சொல்லவில்லை. "வெட்டுங்க ஐயா" என்றார். பெரிய மனிதர் ஒருவர் முன்னால் அவர் தன் வாயால் சொந்தமாகச் சொன்ன சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். வார்டே திரும்பிப் பார்க்க அழுதேன்.

உங்கள் ஆளும் இப்படித் தலையாட்டுகிறவராக இருந்தால், கூடப் போங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பாஷை தெரிந்தவரைப் பிடியுங்கள். வாய்க்கொழுப்பு என்று நினைப்பவர்கள் நினைத்துவிட்டுப் போகட்டும்.

உயிர் தப்பினார். ஊன்றுகோலோடு லயத்துக்கு வந்தோம். இப்போது எங்கள் நாள் ஃபெக்டரிச் சங்குச் சத்தத்தில் விடிவதில்லை, மாத்திரையில் விடிகிறது. தினமும் மீதியிருக்கும் காலை என் மடியில் வைத்து, விரலிடுக்கெல்லாம் தடவிப் பார்க்கிறேன். அதில் ஒரு சின்னக் கீறல் கண்டாலும் அன்றைக்கே பதுளைக்கு பஸ் ஏற்றிவிடுவேன். அவருடைய கால் இன்று எனக்குத்தான் சொந்தம், அவருக்கில்லை.

ஒரு மத்தியானம் படுக்கையிலிருந்து முனகினார். "குதிகால் இழுக்குது புள்ள. தாங்க முடியல."

பதறிப்போய் இடது காலைப் பிடித்தேன்.

"அது இல்ல" என்றார். "மத்தது."

இப்படி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார் (எடுத்துவிட்ட உறுப்பு வலிப்பதாக நரம்பு சொல்வது). கேட்டபோது எனக்கு அது விளங்கவில்லை. விளங்கவில்லை என்றுதான் டாக்டரிடமும் சொன்னேன். கம்பளி தட்டையாகக் கிடந்த இடத்தில் கையை வைத்து நீவினேன்.

"மெதுவா புள்ள" என்றார்.