கிளிப்பின் உள்பக்கம்

புனே கேம்ப் பக்கம் ஒரு நகைக்கடையின் பின்கட்டில், பாலிஷ் சக்கரத்துக்கு முன்னால் முப்பத்தொரு வருஷமாக உட்கார்ந்திருப்பவர் சேவியர். பட்டறையில் அவருக்கு ‘ஷைனிங் சேவியர்’ என்று பெயர். அவர் கைபட்டு வெளியே போன நகையைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து குறை சொன்னது கிடையாது. சொல்லப்போனால், கறுத்துப்போன தாலிச் சங்கிலி பளபளவென்று திரும்பி வந்ததைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் உண்டு. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், “முன்னாடி ஒரு மேடம் அழுறாங்க, சேட் உங்களைக் கூப்பிடுறார்” என்று ஆள் வந்து சொன்னபோது, பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார் மனுஷர்.

அவருடைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிறந்தது கோர்படி ரயில்வே காலனியில். அப்பா ரயில்வே ஃபிட்டர். முனிசிபாலிட்டியின் மராத்திப் பள்ளியில் பத்தாவது வரை படித்தார். வீட்டில் பேசுவதெல்லாம் தமிழ்தான், ஆனால் தமிழ் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. மாதா கோவிலில் தமிழ்ப் பூசை நடக்கும்போது மனைவி ஜெபமணி பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாட, இவர் அரை வார்த்தை பின்தங்கி அவளோடு ஒட்டிக்கொண்டு பாடுவார். அதில் அவருக்கு வெட்கம் எதுவும் இல்லை. “படிக்கத் தெரியாம இப்ப என்ன குறைஞ்சு போச்சு?” என்று கேட்பார். குறைந்து போனது என்னவென்று அந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கர்வம், உள்பக்கம். மற்ற பாலிஷ்காரர்கள் வெளியே மினுங்க வைத்துவிட்டுக் காசு வாங்கிக்கொள்வார்கள். சேவியர் மோதிரத்தின் உள்வளையம், வளையலின் உள்விளிம்பு, தோட்டின் பின்புறம் என்று யார் கண்ணிலும் படாத இடத்தில் அரை மணி நேரம் செலவழிப்பார். சிவப்பு மெருகுப் பசை நகக்கண்ணில் ஏறி, வீட்டுத் தலையணை உறைகளெல்லாம் காவி அடித்துக் கிடக்கும். ஜெபமணி அதற்காகத் திட்டாத வாரம் இல்லை.

போன வாரம் அவர் மேசைக்கு வந்தது ஒரு தங்கக் கிளிப். பர்ஸுக்குப் பதிலாக நோட்டுகளை மடித்துச் செருகிக்கொள்ள அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் வைத்திருந்தது. சீட்டில் ‘ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது’ என்று மட்டும் எழுதியிருந்தது. எடுத்துப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகப்பு முழுக்க மயிரிழைக் கோடுகள், ஒன்றோடொன்று அலை அலையாகப் பின்னி ஓடின. கையால் சுற்றும் எந்திரத்தில் ஒவ்வொரு கோடாக இழைத்த வேலை. எண்பது வருஷமாவது இருக்கும். கீல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணில் லென்ஸை மாட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. செய்தவன் யாரோ, எந்தச் சீமையில் இருந்தானோ, அவனுக்கு மனசுக்குள் ஒரு வணக்கம் போட்டார்.

ஸ்பிரிங்கை இறுக்கினார். அந்தக் கடையில் ரிப்பேருக்கு வந்த எதுவும் பாலிஷ் போடாமல் திரும்பிப் போகாது. யாரும் கேட்க வேண்டாம், அதற்குத் தனியாகக் காசும் கிடையாது. அது வழக்கம். முகப்புக் கோடுகளைச் சக்கரத்தில் காட்டினால் மழுங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். சோப்புத் தண்ணீரில் மெல்லத் துடைத்ததோடு விட்டார். உள்பக்கம் ஒரு மூலையில் செய்தவனின் முத்திரை, கடுகளவு ஆங்கில எழுத்துகள். அதன் மேல் டேப் ஒட்டி மறைத்தார். அதற்குப் பக்கத்தில்தான் கன்னாபின்னாவென்று கிறுக்கல்கள் இருந்தன, நல்ல ஆழமாக. இவ்வளவு நேர்த்தியான சாமானை எந்தக் கடங்காரன் இப்படிக் கீறி வைத்தான் என்று கோபம்கூட வந்தது. எமரித் தாளால் தேய்த்துத் தேய்த்து, பிறகு பசை போட்டு மெருகேற்றி, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டுத்தான் டீ குடிக்கப் போனார்.

கடை முன்னால் நின்றிருந்தவள் ஸ்ரீவித்யா. கோயம்புத்தூர்க்காரி, ஐ.டி. வேலை, புனேயிலேயே ஔந்து பக்கம் ஃபிளாட். இதெல்லாம் சேவியருக்குப் பிறகு தெரிந்தது. அப்போது அவர் பார்த்தது, கிளிப்பைத் திறந்து பிடித்தபடி சேட்டிடம் இந்தியில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத்தான். “இங்க எழுதியிருந்துச்சு. இங்கதான் எழுதியிருந்துச்சு.”

“கம்பெனி சீல் அப்படியே இருக்கு மேடம், தொடவே இல்ல” என்று சேவியரும் இந்தியில் சொன்னார். டேப் ஒட்டிக் காப்பாற்றிய பெருமை இன்னும் குரலில் இருந்தது.

“கம்பெனி பேரு எனக்கெதுக்கு?” அவளுக்கு வாயில் தமிழ்தான் வந்தது. “அதுக்குப் பக்கத்துல அப்பான்னு எழுதியிருந்துச்சு.”

சேவியருக்குத் திக்கென்றது. அவள் பேசிய தமிழ் முதலில் காதில் விழுந்தது. அவள் சொன்னது மண்டையில் ஏற இன்னும் ஒரு கணம் ஆனது.

“எழுத்தாம்மா அது?” என்றார் தமிழில்.

ஸ்ரீவித்யா நிமிர்ந்து பார்த்தாள். இவருக்கு இருந்த அதிர்ச்சி போதாதென்று அவளுக்கும் ஒன்று. “நீங்க தமிழுங்களா? தமிழா இருந்துட்டா அழிச்சீங்க?”

“எனக்குத் தமிழ் வாசிக்க வராதும்மா. கசம் சே, சத்தியமா. மராத்தியா இருந்தா, இங்கிலீஷா இருந்தா நிறுத்தியிருப்பேன். கீறல்னு நினைச்சுட்டேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். ஆறு வயதில், காம்பஸ் முள்ளால், அப்பா குளிக்கப் போயிருந்தபோது எழுதியது. அடி விழும் என்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாளாம். அவர் குனிந்து பார்த்து, “இனி இதை யாரும் திருட முடியாது, பேர் எழுதியாச்சு” என்றாராம். பழம்பொருள் வாங்குகிற ஒருவர், அந்தக் கீறலை எடுத்துவிட்டால் விலை இரண்டு பங்கு கிடைக்கும் என்று சொன்னபோதுகூட அப்பா சம்மதிக்கவில்லை. நாற்பது நாளைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சேவியர் குனிந்து கிளிப்பின் உள்பக்கத்தைப் பார்த்தார். “போட்டோ ஏதாவது இருக்காம்மா? அச்சு மாறாம அதே இடத்துல வெட்டிக் குடுத்துர்றேன்.”

“ஆறு வயசுல எழுதுனதுங்க” என்றாள். அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள், “தேய்ச்ச தூள் எங்க போகும்?”

சக்கரத்துக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. மாதம் முழுக்கத் தேய்த்த எல்லார் வீட்டுத் தங்கமும் அதில்தான் விழும், பிறகு உருக்கப் போகும். அதை எப்படிச் சொல்வது? “எல்லாம் கலந்துரும்மா” என்று மட்டும் சொன்னார். அவள் தலையாட்டினாள். சேட் நீட்டிய பணத்தை வாங்காமல், கிளிப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கத்திவிட்டுப் போயிருந்தால்கூட சேவியருக்குத் தேவலை.

அன்று ஐந்து மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒன்றையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்: தெரியாமல் நடந்தது. படிக்கத் தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன். கோர்படி கேட்டில் ரயிலுக்காக பஸ் நின்றபோது அவருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பீரோவைத் திறந்தார். அவருடைய கல்யாண மோதிரம் அங்கே டப்பாவில் இருந்தது. ஓடும் சக்கரத்துக்கு முன்னால் மோதிரம் போடக்கூடாது என்பதால் கல்யாணமான மறுவாரமே கழற்றி வைத்தது. உள்வளையத்தில் JEBAMANI என்று ஆங்கிலத்தில் வெட்டிய எழுத்து புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. அவருக்கு மூச்சு வந்தது.

“ஜெபா, உன் மோதிரத்தைக் குடு.”

“கிறிஸ்மஸுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே?” என்றாள் ஜெபமணி. வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் அவர் அதைக் கழற்றிக்கொண்டு போய் மெருகேற்றிக் கொண்டுவருவார். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு வருஷமும் தவறியதில்லை. விரல் தடித்துவிட்டதால் சோப்புப் போட்டுத்தான் உருவ வேண்டியிருந்தது.

ஜன்னலருகே போய் லென்ஸைக் கண்ணில் வைத்தார். உள்வளையம் கண்ணாடி மாதிரி இருந்தது. XAVIER என்று அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரு கோடுகூட இல்லை. மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது தமிழ் இல்லை. இது அவர் படிக்கத் தெரிந்த எழுத்து, அவருடைய சொந்தப் பெயர்.

“இதுல என் பேரு இருந்துச்சே.”

“அது போயி பதினஞ்சு வருஷம் இருக்கும்” என்றாள் அவள், கையைத் துடைத்துக்கொண்டே.

அவர் அதிர்ந்துபோய் அவளைப் பார்த்தார். “தெரிஞ்சும் நீ ஏன் சொல்லல?”

“சொன்னா அதோட நிறுத்திருவீங்க” என்றாள் ஜெபமணி. “வருஷத்துல அந்த ஒரு நாளுதான் நீங்க என் கையைப் புடிக்கிறீங்க.”

சேவியர் மோதிரத்தை அவள் விரலில் போடப்போனார். அது வழக்கம்போல விரல் முட்டியில் மாட்டிக்கொண்டது. அவர் அவசரப்படாமல், சிவந்துபோன தன் விரல்களால் அவள் கையைப் பிடித்தபடியே நின்றார்.